மேலு கழுவப் போறேன்!

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்துவிட்டதை டி.வி.யில் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. குளியலறை அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பாட்டில் சொல்லிவிடும். காலையில் எழுந்து பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளங்கையை நீட்டி, கோயில் வாசலில் நிற்கிற மாதிரி இரண்டு நிமிஷம் நின்றும் ஒரு சொட்டு விழவில்லையென்றால்... மார்கழி பிறந்தாச்சு!

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறைய ஆரம்பிக்கும். ஆக, நாகர்கோவிலின் 'கடுங்குளிர்' என்பது 22, 23 டிகிரி சமாசாரம். இதை வெளியே சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். டெல்லியிலிருந்து மாற்றலாகி எங்கள் தெருவுக்கு வந்திருக்கும் பாங்க் ஆபீசர் ஒருவர் மார்கழி விடியற்காலையில் வெறும் பனியனோடு வாக்கிங் போகிறார். சுசீந்திரம் திருவிழாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எங்கள் கூட்டத்தை, மஃப்ளரும் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாகப் பார்த்தவர், "எவரெஸ்ட் பக்கமா ஸார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் சிரிக்கட்டும். தோல் பொய் சொல்லாது. முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாகக் கோடு போட்டால், கரும்பலகையில் சாக்பீஸ் எழுதுகிற மாதிரி வெள்ளையாக விழுந்தது. நான் பி.காம். பஸ்ஸில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தபோது சும்மா இருக்க முடியாமல் இடது காலில் பற்றும் வலது காலில் வரவும் எழுதிப் பார்த்தேன். டாலியாகவில்லை. பக்கத்து ஸீட்காரர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வடசேரி வரை வந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் வாசகர் ஒருவரின் கடிதம். ஆபீஸில் கறுப்புச் சட்டை போட முடியவில்லையாம். தோளில் பொடுகு விழுந்து, 'ஏன் ஸார், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்களா?' என்று மேனேஜர் விசாரிக்கிறாராம். குளிர்காலத்துக்கு என்ன சோப்பு, என்ன ஷாம்பு என்று நீங்களே ஒன்றைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்களேன் என்று எழுதியிருந்தார்.

அதாவது, என்னைச் சோதனை எலியாக இருக்கச் சொல்கிறார். வாசகர் சொல் மிக்க மந்திரமில்லை. சம்மதித்தேன்.

* * *

பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மாதக் கடைசி என்பது மற்றவர்களுக்கு மாதக் கடைசியில் மட்டும்தான் வரும். எனக்கு முதல் தேதியே வந்துவிடும். ஆகவே எந்தச் செலவையும் எந்தத் தேதியிலும் செய்யலாம். மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, தலை எண்ணெய், கட்டி சோப்பு எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. மத்திய சர்க்காரே என்னைக் குளிக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

வாங்கியவை: பாடி வாஷ் ஒன்று. ஸ்க்ரப் ஒன்று (உள்ளே மணல் மாதிரி ஏதோ மிதந்தது). ஷாம்பு ஒன்று. கண்டிஷனர் ஒன்று. உயர்ந்த ரக சோப்பு ஒன்று. மொத்தம் 1,460 ரூபாய். நோட்டில் எழுதும்போது ஒரு சந்தேகம் வந்தது. இது மூலதனச் செலவா, வருவாயினச் செலவா? முடி நிலைச்சொத்து என்றால் மூலதனச் செலவு. ஆனால் என் முடிக்கு வருஷா வருஷம் தேய்மானம் போட வேண்டும். நேர்க்கோட்டு முறையா, குறைந்துசெல் இருப்பு முறையா? கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியிலிருந்து பின்வாங்கும் கோடு நேராக இல்லை. குறைந்துசெல் இருப்பு என்றே முடிவு செய்தேன்.

பில்லைப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அரிசி டப்பாவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மூடினாள். அவ்வளவுதான். எனக்கு முழுக் கட்டுரையும் புரிந்துவிட்டது.

அப்பாதான் வாயைத் திறந்து கேட்டார். எழுபத்தாறு வயசு. ரிட்டயர் ஆனபிறகு வீட்டுக்கு வரும் எல்லாப் பொருளும் அவர் மேஜை வழியாகத்தான் உள்ளே போகும்.

"இது என்னதுலே?"

"பாடி வாஷ்ப்பா."

"அப்படின்னா?"

"பாடின்னா மேலு. வாஷ்னா கழுவுறது."

"மேலு கழுவுறதா? அதைத்தானலே நான் எழுபது வருசமா செய்யுகேன்! அதுக்கு இருநூத்தி நாப்பது ரூவாயா?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் குளிப்பு வேறு, மேலு கழுவுதல் வேறு. எண்ணெய் தேய்த்துத் தலையோடு நீர் விட்டால்தான் குளிப்பு. தலை நனையாமல் கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொண்டு வந்தால் மேலு கழுவல். சாயங்காலம் வயலிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ வந்தவர்கள் "மேலு கழுவிட்டு வாறேன்" என்று போவார்கள். அதைத்தான் அமெரிக்காக்காரன் இங்கிலீஷில் சொல்லி, பாட்டிலில் ஊற்றி, நமக்கே விற்கிறான்.

அதே மாதிரிதான் ஸ்க்ரப்பும். எங்கள் ஆச்சி காலத்தில் கொல்லைப்புறத்தில் பீர்க்கங்காயை முற்றவிட்டு, காயவைத்து, தோலை உரித்து, கூட்டை எடுத்து வைத்திருப்பார்கள். அதைப் போட்டுத் தேய்த்தால் அழுக்கோடு நம் பாவமும் கொஞ்சம் போகும். தலைக்குச் செம்பருத்தி இலையைக் கசக்கிப் பிழிந்த தாளி. வழுவழுவென்று வரும். அதுதான் கண்டிஷனர். ஆச்சி வர்த்தகம் படிக்கவில்லை. படித்திருந்தால் நான் இப்போது கம்பெனி டைரக்டர்.

* * *

முதல் நாள். பாடி வாஷ். லேபிளில் முதல் பெயர் 'ஆக்வா'. அகராதியில் பார்த்தேன். தண்ணீர்! எங்கள் ஊருக்கு முக்கடல் அணையிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. அதற்கு மேல் இருநூற்று நாற்பது ரூபாய் கொடுத்து இன்னொரு தண்ணீர் வாங்கியிருக்கிறேன். போகட்டும், வாசனை நன்றாகத்தான் இருந்தது. வெந்நீரை நன்றாகச் சூடாக வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். குளிருக்கு இதம் என்றால் அப்படி ஒரு இதம்.

இரண்டாம் நாள். ஸ்க்ரப். தேய்த்தேன். இன்னும் சூடான வெந்நீர். இன்னும் இதம்.

மூன்றாம் நாள். ஷாம்பு, அதன் பின்னால் கண்டிஷனர். 'வேரில் படாமல் முடியின் நுனியில் மட்டும் தடவவும்' என்று போட்டிருந்தது. என் தலையில் வேரும் நுனியும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மனைவியிடம் கேட்டேன். "உங்களுக்கு அது வேண்டாம்னு அர்த்தம்" என்றாள்.

நான்காம் நாள் சாயங்காலம் காலில் கோடு போட்டுப் பார்த்தேன். முன்பைவிடத் தெளிவாக விழுந்தது! பேலன்ஸ் ஷீட்டே போடலாம். முதுகிலும் தோளிலும் ஊறல் வேறு.

இதற்கிடையே வீட்டில் எலித்தொல்லை. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு 'கரக்... கரக்...' என்று சத்தம். கொஞ்சம் நிற்கும். மறுபடி 'கரக்... கரக்...' எழுந்து லைட்டைப் போட்டால் நின்றுவிடும். கோட்டாற்றில் போய்ப் பொறி வாங்கி வந்து, தேங்காய்ச் சில்லைச் சுட்டு மாட்டி வைத்தேன். காலையில் தேங்காய் அப்படியே இருந்தது. "புத்தியுள்ள எலியாக்கும்" என்றார் அப்பா.

* * *

எலி பிடிபடுவதற்குள் ஒரு சரித்திரம். (பரீட்சைக்கு வராது. பயப்பட வேண்டாம்.)

'ஷாம்பு' என்ற வார்த்தை வெள்ளைக்காரனுடையது அல்ல. 'சாம்ப்னா' என்றால் ஹிந்தியில் அமுக்கிப் பிசைவது. பாட்னாவில் 1759-ல் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் கம்பெனிப் பட்டாளத்தோடு சுற்றிவிட்டு அயர்லாந்து போய், அப்புறம் லண்டன் போய், 1810-ல் ஒரு ஹோட்டல் ஆரம்பித்தார். லண்டனில் ஓர் இந்தியர் நடத்திய முதல் இந்தியச் சாப்பாட்டுக் கடை அதுதான் என்கிறார்கள். 1812-ல் மஞ்சள் கடுதாசி! மனுஷர் அசரவில்லை. பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்குப் போய், மூலிகை ஆவிக் குளியலும் உடம்புப் பிடியும் சேர்த்து 'ஷாம்பூயிங்' என்று போர்டு மாட்டினார். கூட்டம் அலைமோதியது. நாலாம் ஜார்ஜ் மன்னருக்கே 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். ஆக, உடம்பைப் பிடித்துவிடுவதற்கு வந்த வார்த்தை, காலப்போக்கில் மேலே நகர்ந்து தலையில் ஏறிவிட்டது.

அதைப் பாட்டிலிலிருந்து இறக்கி, பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கவிட்டது யார் தெரியுமோ? நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். பெரிய பாட்டில் வாங்கக் கையில் காசில்லாதவனும் ஒரு தடவைக்கு மட்டும் வாங்கட்டுமே என்று ஷாம்பைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியாகக் கிளம்பி, அப்பா பெயரைச் சுருக்கி 'சிக்' என்று வைத்து ஒரு ஷாம்பு போட்டார். எந்தக் கம்பெனி காலிப் பொட்டலமானாலும் சரி, கொண்டு வந்து கொடுத்தால் ஒரு 'சிக்' இலவசம் என்றார். அப்புறம் 'சிக்' காலிப் பொட்டலம் மட்டும்தான் என்று மாற்றினார். வியாபாரம் எகிறியது. அந்தச் சின்னக் கம்பெனிதான் 1998-ல் கெவின்கேர் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

ஹாஸ்டலில் நாங்கள் அந்த ஒரு ரூபாய்ப் பொட்டலத்தைக் குண்டூசியால் குத்தி, இரண்டு பேர், இரண்டு நாள் என்று ஓட்டியிருக்கிறோம். இன்று ஐந்து பாட்டில் வைத்துக்கொண்டு அலைகிறேன். வளர்ச்சிதான்!

* * *

ஐந்தாம் நாள் காலை.

நான் குளித்துவிட்டு வந்து கட்டுரையின் முதல் வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அடுத்தபடி அப்பா குளிக்கப் போனார். இரண்டு நிமிஷம் இருக்கும். 'சரக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து வாளி உருளும் சத்தம். அப்புறம் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் சத்தம். அப்பாவின் சத்தம் மட்டும் இல்லை.

ஓடினேன். தாழ்ப்பாள் போடுவதில்லை, அதுவரை நல்லது. அப்பா சுவரோடு சாய்ந்து ஒரு காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் குழாயின் திருகு. குழாய் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மொசைக் தரையில் நான் அலசாமல் விட்டு வந்த கண்டிஷனர், பாசி மாதிரி வழவழவென்று பரவிக் கிடந்தது. வழுக்கியபோது குழாயைப் பிடித்திருக்கிறார். குழாய் பெயர்ந்தாலும், விழுகிற வேகத்தை அது வாங்கிக்கொண்டது.

அவர் பேசிய முதல் வார்த்தை: "லேய் மக்கா... குழாய் போச்சுலே."

எழுபத்தாறு வயசில் இடுப்பெலும்பு ஒடிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பல வீடுகளில் அந்த ஒரு விழுதலோடுதான் கட்டில் வாசம் ஆரம்பிக்கிறது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தவர், குழாய் போனதற்கு வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

தூக்கி நிறுத்தி, துவர்த்தால் துடைத்துவிடும்போதுதான் முதுகைப் பார்த்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். சிலது காய்ந்து, சிலது புதுசாக.

"இது என்னப்பா?"

"அது கெடக்கு. ராத்திரி கொஞ்சம் ஊறும். விசிறிக் காம்பு இருக்குல்லா, அதை வச்சு..."

கரக்... கரக்... என்று எனக்குள் கேட்டது. நாலு நாளாகத் தேங்காய்ச் சில்லு சுட்டு வைத்து நான் பிடிக்கப் பார்த்தது எலியை அல்ல.

"ஏன் சொல்லல்லே?"

"நீதான் அங்க சோலியா இருக்கியே. தூங்குன பிள்ளையள எழுப்பச் சொல்லுகியா?"

அம்மா இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடுவாள். அம்மா போய் இது இரண்டாவது மார்கழி. கை எட்டாத இடம் ஒன்று எல்லா முதுகிலும் இருக்கிறது. அதை நான் எந்தக் கணக்கிலும் எடுத்துக்கொள்ளவில்லை.

* * *

தோல் டாக்டரிடம் போனோம். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். வயசானவர்களுக்கு ஓயாத ஊறல் இருந்தால் சர்க்கரை, கிட்னி, கல்லீரல், தைராய்டு இதில் எதுவும் இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டுமாம். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. எல்லாம் சரியாக இருந்தது. "வெறும் வறட்சிதான்" என்றார் டாக்டர். 'வெறும்' என்ற வார்த்தை அவ்வளவு இனிப்பாக இருக்குமென்று அன்றுதான் தெரிந்தது.

"வெந்நீர் ரொம்பச் சூடா விடுறீங்களா?" என்று கேட்டார். அப்பா என்னைக் கை காட்டினார். எனக்குப் பிறகு குளிப்பதால், நான் வைக்கிற சூடுதான் அவருக்கும்.

டாக்டர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். நம் மேல்தோல் ஒரு செங்கல் சுவர். செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கிற கொழுப்பு சிமென்ட். இந்தச் சிமென்ட்தான் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் காக்கிறது. கொதிக்கிற வெந்நீரும், கார சோப்பும், சொரசொரப்பான ஸ்க்ரப்பும் சேர்ந்து சிமென்டைப் பெயர்த்துவிடும். சுவரில் விரிசல். ஈரம் போகும், ஊறல் வரும். வயசானால் தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைவு. அவர்களுக்கு இரட்டிப்பு நஷ்டம்.

அதாவது, 22 டிகிரி குளிர் நம் தோலுக்குப் பெரிய விரோதி அல்ல. அந்தக் குளிருக்குப் பயந்து நாம் ஊற்றிக்கொள்கிற வெந்நீர்தான் வில்லன்! நாலு நாள் அரைமணி நேரம் நின்ற என் காலில் பேலன்ஸ் ஷீட் தெளிவாக விழுந்த ரகசியம் இதுதான்.

கறுப்புச் சட்டை வாசகருக்காகப் பொடுகையும் கேட்டேன். அது வெறும் வறட்சி இல்லையாம். எல்லார் தலையிலும் குடியிருக்கும் 'மலஸீஸியா' என்ற ஒருவகைப் பூஞ்சை, தலையின் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. சிலர் தோலுக்கு அதன் கழிவு ஒத்துக்கொள்ளாது. உதிர்கிறது. பொடுகு இருக்கிறதே என்று எண்ணெயை மேலும் மேலும் தடவினால் அது குடித்தனக்காரனுக்கு விருந்து வைத்த கதை. கீட்டோகோனசோல் அல்லது அதுபோன்ற மருந்துள்ள ஷாம்பை வாரம் இரண்டு தரம் போட்டு, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அலச வேண்டும். போட்ட உடனே அலசினால் மருந்து சாக்கடைக்குத்தான் வைத்தியம் பார்க்கும்.

"முடி கொட்டுறதுக்கு எந்த ஷாம்பு நல்லது டாக்டர்?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"தினம் ஐம்பதிலிருந்து நூறு முடி எல்லாருக்கும் கொட்டும். உங்களுக்கு முன்பக்கம் ஏறுறது பரம்பரை. எந்த ஷாம்பும் அதை நிறுத்தாது. அதுக்கு வேற மருந்து இருக்கு, வேணும்னா தனியா வாங்க, பேசலாம்" என்றவர், என் பக்கத்தில் இருந்த அப்பாவின் பளபளக்கும் தலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா, ஏதோ விருது கொடுத்த மாதிரி சிரித்தார்.

* * *

வாசகர் கேட்டாரே, அதற்குத் தீர்ப்பு:

வெந்நீர் வெதுவெதுப்பாக, பத்து நிமிஷத்துக்குள். சோப்பு அக்குள், தொடையிடுக்கு, பாதம் இவற்றுக்குத் தினமும் போதும். காலையும் கையையும் போட்டுத் தேய்த்து என்ன கண்டோம்?

சோப்பு வாங்கும்போது விளம்பர நடிகையின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் 'டி.எஃப்.எம்.' என்று போட்டிருப்பதைப் பாருங்கள். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பேதிங் பார்' என்று போட்டிருந்தால் அது சோப்பு ஜாதியில் வேறு கிளை.

குளித்ததும் துவர்த்தால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், ஏதாவது ஒரு மாயிஸ்சரைசர். வாசலினும் சரி, தேங்காய் எண்ணெயும் சரி. ஆனால் குளியலறைக்கு வெளியே வந்து உட்கார்ந்து தடவவும். எண்ணெய்க் காலோடு ஈரத் தரையில் நடக்க வேண்டாம்.

வீட்டில் வயசானவர்கள் இருந்தால், மேற்படி எல்லாவற்றுக்கும் முன்னால், குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, தரையில் ஒரு ரப்பர் பாய். நான் வாங்கிய ஐந்து பாட்டிலின் விலையில் இரண்டும் முடிந்துவிடும். நான் அந்த 1,460-க்கு மேல் தனியாகச் செலவழித்துத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். குழாய் ரிப்பேர் தனி.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அப்பாவின் முதுகு என் டிபார்ட்மென்ட். உறைந்த எண்ணெயை உள்ளங்கையில் வைத்து உருக்கித் தடவுகிறேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "பைய... பைய... அங்கயாக்கும்... இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று டிராஃபிக் போலீஸ் மாதிரி வழி சொல்வார். முதல் நாள் கேட்டார்: "ஒங்கம்மை இவ்வளவு அமுக்கமாட்டா. கொள்ளாம். எங்கலே படிச்ச?" சேக் தீன் முகமதுவைப் பற்றிச் சொன்னேன். "ராஜாவுக்கே முதுகு தேய்ச்சானா? செரி, அப்ப நானும் ராஜாதான்" என்றார்.

மிச்சமிருந்த பாடி வாஷைக் காணோமே என்று தேடினால், வாசலில் என் பைக்குக்குக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா இது?"

"வண்டிக்கும் பாடி உண்டுல்லா?"

நேற்று ராத்திரி இரண்டு மணி. 'கரக்... கரக்...' அடித்துப் பிடித்து எழுந்து எண்ணெய்ப் பாட்டிலோடு அப்பாவின் அறைக்கு ஓடினேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் நிற்கவில்லை. குளியலறைப் பக்கம் போய் லைட்டைப் போட்டேன்.

நிஜமான எலி! என் உயர்ந்த ரக சோப்பில் பாதியைத் தின்றிருந்தது. பக்கத்திலேயே கிடந்த மலிவு சோப்பைத் தொடவில்லை.

76 சதவீதம் டி.எஃப்.எம். அதற்கும் லேபிள் படிக்கத் தெரிந்திருக்கிறது!